கருத்துப் படிவத்தில் என் பேச்சு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நான் சுகம். நேற்று கப்பலில் அறை துடைக்கும்போது அங்கே தங்கியிருந்த பயணி ஒருவர், "தம்பி, இந்தக் காசுக்குக் கப்பல் நல்லதா, மலைக்குப் போயிருக்கலாமா?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"சாப்பாடு, ரூம் எல்லாம் சேர்த்தா கப்பல்தான் சார் லாபம். ஆனா ஊர் பாக்கணும்னா மலைக்கே போங்க."

அதை அப்படியே கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டார். இப்போது மேலாளர் அறை வாசலில் காத்திருக்கிறேன். கவலைப்படாதீர்கள். இது இரண்டாவது புகார் என்பதால் வேலை போனாலும் போகலாம், அவ்வளவுதான்.

முதுகுக்குத் தைலம் அனுப்புங்கள்.

ஊழியர் சலுகையில் நீங்கள் இருவரும் கப்பலுக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வந்தாலும் பயணிகளோடு நான் உட்காரக் கூடாது. படுக்கை விரித்துவிட்டு வெளியேற வேண்டும்.

கூப்பிடுகிறார்கள். என் வேலை தப்பினால் வாருங்கள் அப்பா, தினமும் உங்கள் கதவையாவது தட்டுகிறேன்.