நீ காப்பாற்றும் அம்மா

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் உயிரோடு இருக்கிறோம், நீயும் உன் மனைவியும் குழந்தையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்கைக்குத் தையல் கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் அதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கிறேன். முழங்கால் வீங்கிக்கொண்டே போகிறது, மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியானது, வாடகை கொஞ்சம் கூடுதல். என்னோடு வேலை செய்யும் நெட்டச்சிதான் சொன்னாள், "அக்கா, நம்ம சம்பளத்துக்கு வரியே கிடையாது, சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. போன வருஷமும் வரி வரலை, இந்த வருஷமும் வராதுன்னு எழுதிக் குடுத்தா நிறுத்திடுவாங்க" என்று. பிடிக்கிற தொகை கூடுதல் வாடகைக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்காரரை மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லிவிட்டு, சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து சம்பளப் பிரிவுப் பெண் கூப்பிட்டாள். "உங்களுக்கு விலக்கு கிடையாதுன்னு வரி ஆபீஸ்லேர்ந்து பதில் வந்திருக்கும்மா, உங்க மகன்தான் உங்களைக் காப்பாத்துறதா அவர் வரிக் கணக்குல மூணு வருஷமா காட்டியிருக்கார், வைத்தியச் செலவு உட்பட" என்றாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. என் பெயரில் பணம் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்து, "என் பையன் அப்படித்தான், செய்யறதை வெளியில சொல்ல மாட்டான்" என்று அவளிடமே பெருமை அடித்துக்கொண்டேன். அரை நாள் விடுப்புப் போட்டு வங்கிக்குப் போனேன். என் சம்பளத்தைத் தவிர எதுவும் ஏறவில்லை. நான் கெஞ்சியதால் அங்கிருந்த வங்கி ஊழியர் இன்னொரு முறையும் பார்த்தார்.

என்னைக் காட்டி உனக்கு வரி குறைந்தது, அதனாலேயே எனக்குப் பிடிக்கிறார்கள். உன் அப்பா குடிகாரர், ஊதாரி, ஆனால் என்னைப் பட்டினி போட்டுவிட்டுச் சோறு போட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. அந்த அளவில் அவர் உனக்கு மேல். கீழ் அறைக்குப் போன வாரம் ஒரு பேருந்து ஓட்டுநர் குடும்பம் வந்துவிட்டது. தங்கை அழுகிறாள், "அண்ணன் தெரியாம போட்டிருக்கும்மா, ஒரு வார்த்தை கேட்டுப் பாரு" என்கிறாள். மூன்று வருஷமாகவா தெரியாமல் போடுவார்கள்? கேட்டால் நீ உருகிப் பேசுவாய், அவசரமாகக் கொஞ்சம் பணம் அனுப்பிச் சரிக்கட்டுவாய், நானும் மயங்கிவிடுவேன். அதனால் என் மகன் எனக்கு எதுவும் தருவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வரி அலுவலகத்துக்குத் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன், நான்கு நாள் பொறுத்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

குழந்தைக்கும் உன் மனைவிக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, பெற்றவள் வேறு என்ன செய்வாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ. அம்மாவுக்கு எந்த முழங்காலில் வலி என்று உன்னைக் கேட்கச் சொல்லி, வரி அலுவலகத்துக்கு அனுப்பிய அந்த மனுவின் அடியில் நானே எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் தேடாதே, எந்தக் கால் என்று நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
இன்னும் நின்றுகொண்டே வேலை செய்யும்
உன் அம்மா