திமிங்கிலத்துக்குப் புளி

இல்லை, மாடு இல்லை. நிறம்தான் அப்படி. சட்டியை எட்டிப் பார்த்த உன் சித்திக்கு இரண்டாம் தரமும் இதையே சொன்னேன்.

நீ போய் எட்டாம் நாள்; இன்று உனக்கு எட்டுப் படையல், மச்சாள். ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் உங்கள் வீட்டுக் குசினி. மீன் பொரியலும் ஆட்டிறைச்சிக் கறியும் ஆகிவிட்டன. மூன்றாவது அடுப்பில் திமிங்கிலம். ட்வெய்ட்டா சென்டர் கடையில் உறைந்த இறைச்சிகளுக்கு அடியில் கிடந்ததை நான்தான் வாங்கி வந்தேன். போனவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். எட்டின் நியாயம் அதுதானே.

சித்தி சம்மதிக்கவில்லை. இவ்வளவு கறுத்த இறைச்சியை ஆத்மாவுக்கு வைக்கிறதோ என்று கேட்டார். பெற்றவள் சொல்லட்டும் என்று எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி உன் அறைக்குள் போய்விட்டார்.

குழம்பு கொதித்தது. இரும்பும் எண்ணெயும் கலந்தது போல ஒரு மணம். அந்த மணத்தில் உன் ஊர்.

நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க்கில், மரமே இல்லாத ஒரு கரை. மாமா அகதியாக வந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்த இடம். நீ பிறந்த இடம். எனக்கோ அது ஆய்வேட்டின் தலைப்பு மட்டும்: ஒரு திமிங்கில வேட்டை நிலையத்தின் வரலாறு.

ஆய்வை விட்டுவிட நான் முடிவெடுத்திருந்த கோடையில் நீ என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாய். ஒஸ்லோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன? பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புல்லுக்குள் செங்கல். வெளிறிய எலும்பு. துருப்பிடித்த ஒரு கொதிகலன்.

படித்ததையெல்லாம் உனக்குச் சொன்னேன். திமிங்கிலங்களை இந்தச் சரிவில்தான் இழுத்தேற்றினார்கள். கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். நாற்றம் ஊரெல்லாம் நின்றது. திமிங்கிலம்தான் மீனைக் கரைக்குத் துரத்தி வருகிறது என்று மீனவர்கள் நம்பினார்கள். நூறாண்டுக்கும் முன்பு, மீன் வராமல் போன ஒரு வருடம், திரண்டு வந்து நிலையத்தை இடித்துப் போட்டார்கள். பிறகு சில வருடங்களுக்கு அந்தக் கரையில் வேட்டையே தடையாயிற்று. அத்துடன் என் ஆய்வேடு முடியும்.

நீ கொதிகலனுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது அதற்குள்தான் ஒளிப்பாயாம். தலையை வெளியே எடுத்தாய். முடியில் துரு.

"படிச்ச பிள்ளை, நீ இடிச்சதோட முடிக்கிறாய். நாங்கள் அதுக்குப் பிறகுதானேடி வந்தனாங்கள்."

பிறகு அந்த எலும்பின் மேலே இருந்தபடி உன் அம்மாவின் முதல் பனிக்காலத்தைச் சொன்னாய். மாமாவோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் இறைச்சித் துண்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மாடோ என்று மாமி பயந்தார். அவர் கடலைக் கைகாட்டினார். கடலிலிருந்து வந்தால் மீன்தானே. மாமி வெந்தயம் போட்டு, புளி விட்டு, மீன்குழம்பு வைத்துவிட்டார். மாமா அதைத் தொழிற்சாலையில் சொல்ல, ஊரே சிரித்தது. ஆனால் அப்போது மாமி வயிற்றில் நீ. எதைச் சாப்பிட்டாலும் சத்தி எடுத்தவருக்கு அந்தக் குழம்பு மட்டும் தங்கியது.

"நான் வயித்துக்குள்ள இருந்தே திமிங்கிலம் திண்டனான்" என்று பெருமை அடித்தாய். பிறந்த பிறகும் விடவில்லை. ஒஸ்லோ வந்த பிறகும் புளி விட்டுத்தான் வைப்பாய்.

நான் ஆய்வை விடவில்லை. இடித்த நாளுக்குப் பிறகு ஓர் அத்தியாயம் சேர்த்தேன்: மீன் தொழிற்சாலை, அதற்கு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் விளையாடிய கொதிகலன். ஆஸ்பத்திரியில் அதை உனக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நித்திரையாகிவிட்டாய். நான் உனக்கு நன்றி சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் இடையில் அப்படியொரு வழக்கம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

இருட்டுப்பட்டதும் மாமி வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது, நானும் பார்த்திருக்கவில்லை. மாமி சட்டிக்கு முன்னால் நின்று குழம்பின் நிறத்தைப் பார்த்தார்.

"புளி காணாது" என்றார்.

தானே கரைத்தார். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி திரும்பவில்லை.

"இதிலதான் அவள் தங்கினவள். இதை வைக்காமல் வேற எதை வைக்கிறது?"

சித்தி இலையைத் துடைத்துக் கொடுத்தார். மாமி சோற்றுக்குப் பக்கத்தில் குழம்பை ஊற்றினார். மற்றக் கறிகளை நான் வைத்தேன். நீ வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

இடிந்த இடம் எதைப் பார்த்தாலும், பிறகு யார் வந்தார்கள் என்று இப்போது தேடுகிறேன். அது உன்னிடமிருந்து வந்த பழக்கம். போகாது.

பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தேன்.