ஒரு கரண்டிச் சோற்றின் படம்

என் பாரு அக்காவுக்கு,

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. நீ போன பிறகு வருகிற முதல் சீசன். உன்னிடம் மறைத்த ஒன்றை இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் நாம் இருவரும் சேர்ந்துதானே டாக்டரைப் பார்த்தோம்? இருவருக்கும் சர்க்கரை, இருவருமே எடையைக் குறைக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரச் சாப்பாட்டை நீதான் எழுதுவாய். காலையில் கேப்பை தோசை இரண்டு. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறையக் காய். அச்சன்புதூரில் நீ, தென்காசியில் நான். சாப்பிடும் முன் தட்டைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும் என்பதும் உன் ஏற்பாடுதான்.

இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தேன். அப்புறம் முடியவில்லை. ஒரு கரண்டிச் சோறும் சுரைக்காய்க் கூட்டும் வைத்துப் படம் அனுப்புவேன். அனுப்பியதும் அதே தட்டில் இன்னும் மூன்று கரண்டி போட்டுக்கொள்வேன்.

நீ உள்ளதைத்தான் அனுப்பினாய். கல்யாண வீட்டு இலையைக்கூட, இரண்டு ஜாங்கிரியோடு. ஒருநாள் போனில் அழுதாய்.

"உனக்கு மட்டும் எப்படிட்டி முடியுது? எனக்கு வாயக் கட்டத் தெரியலயே. வெக்கமா இருக்கு."

"போகப் போகப் பழகிரும்க்கா" என்றேன். அப்போது என் வாயில் சோறு இருந்தது.

அதன் பிறகு நீ படம் அனுப்புவதையே விட்டுவிட்டாய். மாசியில் நெஞ்சுவலி என்று போன் வந்து, நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். அதில் நான் இல்லை. ஆனால் நீ மட்டும் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே போனாயே, அதற்கு நான்தானே காரணம்?

போன ஞாயிறு உன் மகள் நித்யாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம்.

"சித்தி, ஒங்கள மாதிரிக் கட்டுப்பாடு யாருக்கும் வராதுன்னு அம்மா சொல்லிட்டே இருப்பா" என்றாள்.

பிய்த்த புரோட்டாவை இலையிலேயே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சித்தி?"

அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. இனிப் பேசமாட்டாள் என்றே நினைத்தேன். மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"என்ன சாப்பிட்டிய?"

"மூணு கரண்டிச் சோறு. ரெண்டு அப்பளம்."

"சரி" என்று வைத்துவிட்டாள். தினமும் கேட்கிறாள், அக்கா. நேற்று இரண்டு கரண்டி. இன்று மறுபடியும் மூன்று.

எடை குறையும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. உன் மகள் கேட்கிற நாளெல்லாம் உள்ளதைச் சொல்வேன். அவளுக்கும் எதுவோ ஒன்று முடியாமல் போகிற நாளில், எனக்கும் முடியவில்லை என்று சொல்லப் பக்கத்தில் இருப்பேன். உனக்குத்தான் இருக்கவில்லை.

உன்னிடம் பொய் சொன்ன தங்கச்சி,
செண்பகம்