தாகம் என்றாள், நம்பர் கேட்டார்கள்

என் ஆசை அக்கா கமலாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் உனக்குத் திவசம் கொடுத்தார்கள். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்? அது, எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாத மீன் கவிச்சி மாதிரி கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் உன் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். உன் மகள் ரேவதி நன்றாக இருக்கிறாள். கோல சிலாங்கூரில் என்னோடு இருக்கிறாள். தையல் கடைக்கு மேல்மாடிதான் இப்போது எங்கள் வீடு. அவள் இங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வயதாகியும் அவள் உன்னை 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை. ஆனால் ரேடியோவில் வரும் சோப்பு விளம்பரத்தை, அறிவிப்பாளர் இழுக்கிற இழுப்போடு ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு உன் நாத்தனார் ராசம்மா என்ன சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? "இத சொல்லத் தெரியுது, தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாதா? எல்லாம் திமிரு லா." கோலாலம்பூரில் நாம் பார்த்த டாக்டர் மட்டும் என்ன வாழ்ந்தது? 'ஆட்டிசம்' என்று ஒரு பேரைச் சொன்னவர், அதோடு விட்டாரா? தாய் கொஞ்சிப் பேசாத பிள்ளைக்கு இப்படி வரும் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னார். அடுப்பிடமும் கோழியிடமும்கூடப் பேசிக்கொண்டிருக்கிறவள் நீ. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த ஆளின் மேஜைமேல் துப்பிவிட்டு வந்திருக்கலாமே என்று இருந்தது.

அவள் பேசுகிற விதம் நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு பேச்சை, அது சொல்லப்பட்ட நேரத்தோடு சேர்த்து முழுசாக எடுத்து வைத்துக்கொள்வாள். வெளியே போக வேண்டுமென்றால் "கொட எடுத்துக்கிட்டியா?" என்பாள். தாகம் எடுத்தால் "மெதுவா குடி கண்ணு, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்பாள். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் நீ சொன்னது அது. வார்த்தை மட்டுமில்லை, 'கண்ணு'வில் நீ கொடுக்கிற அழுத்தம்கூட அப்படியே இருக்கும்.

நீ போன பிறகு அத்தான் அவளை ராசம்மா வீட்டில் விட்டார். தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையில் அடுத்த வீடுதானே. நான் கூட்டிப்போகிறேன் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள, அப்பன் பக்கத்துலதான் இருக்கணும்" என்றார். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாயைத் திறந்து கேட்டால்தான் சோறும் தண்ணீரும். பிடிவாதத்தை உடைக்கிறார்களாம்! நான் போகும்போதெல்லாம் பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தாள். சண்டை போட்டால் அத்தான் கைலியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்கக்கா செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்பார். இதையெல்லாம் நீ பார்த்துக்கொண்டா இருந்தாய்?

திவசத்தன்று உன் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, உனக்குப் பிடித்த இறால் வறுவலும் கருவாட்டுக் குழம்பும் படைத்திருந்தார்கள். இலைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். படைத்துக் கும்பிடும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று, காலையிலிருந்து ரேவதிக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. சூடம் ஏற்றும் நேரத்தில் ராசம்மா அவளை இழுத்து வந்து படத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

"அம்மான்னு ஒரு தடவ கூப்புடு. கூப்புட்டாத்தான் இன்னிக்குச் சாப்பாடு."

வந்திருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். சில பேர் சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் ரேவதி அந்தச் செம்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"மெதுவா குடி கண்ணு, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

உன் படத்துக்கு முன்னால் உன் குரல், அக்கா. எனக்கே உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. ஆனால் அவளுக்குத் தாகம் என்று எனக்குத் தெரியும்.

"ஐயோ, கமலா வந்துட்டா!" என்று ராசம்மா அலறினாள். அவ்வளவுதான். ஒருவர் சூடத்தட்டை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்டினார். யாரோ வேப்பிலை ஒடித்து வந்தார்கள். காலையில் திமிர் பிடித்தவளாக இருந்தவள் மத்தியானத்துக்குள் தெய்வமாகிவிட்டாள். உன் கொழுந்தன் சேகர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டான். உன் பிள்ளை சாப்பிட்டாளா என்று நீ கேட்பாய் என்று பயந்தானா? இல்லை.

"அண்ணி, நாலு நம்பர் சொல்லுங்க அண்ணி!"

லாட்டரி நம்பர். எண்பத்தாறாம் வருஷத்திலும் செத்தவளிடம் கேட்க இவர்களுக்கு இதுதான் இருக்கிறது. "மொத நம்பர் மூணா, எட்டா?" என்றான். அவள் "எட்டா" என்றாள். "அடுத்தது அஞ்சா, ஒண்ணா?" என்றான். "ஒண்ணா" என்றாள். இப்படியே நாலையும் வாங்கிவிட்டான். கேள்வியில் கடைசியாக வருவதை அவள் திருப்பிச் சொல்வாள் என்பதுகூட, ஒரு வருஷம் கூட இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பெற்ற தகப்பன் பின்னால் நின்று, நம்பர் சரியாகக் காதில் விழ வேண்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் படையல் செம்பையே எடுத்து அவள் வாயில் வைத்தேன். படைத்ததைத் தொடாதே என்று ஒருத்தி என் கையைத் தட்டப் பார்த்தாள். ரேவதி மூச்சு விடாமல் குடித்தாள். உனக்கு வைத்த தண்ணீர்தான், நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

என் வீட்டுக்காரர் பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டுகிறார் இல்லையா, அந்த லோரியில்தான் வந்திருந்தோம். அப்படியே பிள்ளையைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். அத்தான் ஓடி வந்தார். "இத்தன நாளு யாருக்கும் ஒதவாத புள்ள, இப்பத்தான் லா ஒரு பிரயோசனம் வந்திருக்கு" என்றார். மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். பின்னாலேயே ராசம்மா வந்தாள். "சரி, வெச்சிருந்து வெள்ளிக்கெழம காலையில கொண்டாந்து விட்டுரு. குறி கேக்கணும்."

அந்த நம்பர் அடிக்கவில்லை. மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டாமல் கேட்டதுதான் குற்றம் என்று பேசிக்கொண்டார்களாம்.

நான் அனுப்பாததால் வெள்ளிக்கிழமை அவர்களே வந்தார்கள். சேகர் காரை ஓட்டி வந்தான். ராசம்மா கையில் புதுப் பட்டுப்பாவாடை இருந்தது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். "எம்புள்ள, நான் கூட்டிட்டுப் போறேன். நீ யாரு கேக்க?" என்றார் அத்தான். சட்டம் அவர் பக்கம்தான் பேசும். தகப்பன்தானே.

கீழே சேகர் அவசரப்பட்டு ஹாரன் அடித்தான். ரேவதி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து என் முந்தானைக்குள் நுழைந்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, சின்னம்மா இருக்கேன்ல" என்றாள்.

லோரிச் சத்தத்துக்கு அவள் பயப்படும்போது நான் சொல்வது அது. என் குரல், என் அவசரம், எல்லாம் அப்படியே.

ராசம்மா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள். "என்னடி இது, உசுரோட நிக்கிறவ கொரலும் வருது?"

"ஏன் வராது? ஒங்க கொரலும் வரும். சோத்துக்குக் காக்க வெச்சப்ப நீங்க திட்டுனது எல்லாத்தையும் வெச்சிருப்பா. குறி கேக்க வர்றவங்க முன்னாடி சொல்லட்டும், கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "சீ, வெறும் கிளிப்புள்ள. இதுக்குப்போயி பெட்ரோல் போட்டு வந்தோம் பாரு" என்றாள். நாற்காலியில் வைத்த பட்டுப்பாவாடையை மறுபடியும் பையில் திணித்துக்கொண்டாள். அத்தான் வாசலில் நின்று, "வெச்சிக்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிள்ளையின் தலையைக்கூடத் தொடவில்லை.

பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அக்கா. இதற்குச் சந்தோஷப்படுவதா, காறித் துப்புவதா? இரண்டையும் செய்தேன். ஜன்னலைத் திறந்து துப்பிவிட்டு, பிள்ளைக்குச் சோறு பிசைந்தேன்.

என்றைக்காவது அவளுடைய சொந்த வார்த்தை ஒன்று வருமா? தெரியாது. நீ இருந்திருந்தால் தெரிந்திருக்குமா? அதுவும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். உன்னிடமிருந்து எடுத்ததோ என்னிடமிருந்து எடுத்ததோ, அவள் சொல்வதை அவள் சொன்னதாகத்தான் நான் கேட்பேன். அவள் 'அம்மா' என்று கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் என் வீட்டில் அவள் தட்டில் சோறு இருக்கும். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உனக்குத் தங்கச்சியும் உன் மகளுக்குச் சின்னம்மாவுமான
விமலா