வாய்தா நாளில் மட்டும் பேசிய அண்ணனுக்கு

அண்ணா, இன்று காலை பஸ் சித்தூரை நெருங்கும்போதே மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசம் உள்ளே வந்துவிட்டது. "எழுந்துருடா, கோர்ட்டு வந்துச்சி" என்று நீ என் தொடையைத் தட்டும் இடம் அது. இன்று நானாகவே எழுந்து இறங்கினேன். எழுத்து அறியாத நான் சொல்லச் சொல்ல, இதை என் மகள் எழுதுகிறாள்.

கிணற்றுப் பங்குக்காக நீ என்மேல் கேஸ் போட்டாய். ஊரில் நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. தெருவில் எதிரே வந்தால் நாமும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால் வாய்தா நாளில், பஸ் புத்தூரைத் தாண்டி ஊர்க்காரர்கள் இறங்கியதும் நீ நகர்ந்து எனக்கு இடம் விடுவாய்.

ஒருநாள் என் வக்கீல், "நீதித்துறைய நம்பணும்" என்றார். வெளியே வந்து, "அது இன்னாண்ணா?" என்று உன்னிடம்தான் கேட்டேன்.

"ஜட்ஜுங்க மாத்தலாகிப் போய்க்கினே கீறாங்க. வக்கீலுங்களுக்குப் பல்லு கொட்டிப்போச்சி. கேஸ் மட்டும் எங்கியும் போவாம கீதுல்ல? அத்தப் புடிச்சி வச்சிக்கினு கீறது எதுவோ, அதான்டா."

"அப்ப நம்ம பொண்டாட்டிங்கதான்" என்றேன். நீ சிரித்த சிரிப்புக்குப் போலீஸ்காரர் வந்து அதட்டினார்.

சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று நான் சொன்னபோது மட்டும் நீ சிரிக்கவில்லை. "முடிஞ்சா ஒருத்தன் தோக்கணும். அப்பால பக்கத்துல குந்தி இட்லி துன்ன முடியுமா?"

இன்று தீர்ப்பு. நீ கண்மூடிய பிறகு உன் மகன் கேஸில் சேர்ந்திருந்தாலும், டவாலி முதலில் உன் பெயரைத்தான் கூப்பிட்டார். நீ டீக்கடையில் நிற்கும்போதெல்லாம் உனக்காகக் குரல் கொடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில், "வஸ்துன்னாரு சார்" என்று, நீ வந்துகொண்டிருப்பதாகத் தெலுங்கில் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

கிணறு எனக்கே என்று ஆனது. வெளியே வந்ததும் உன் மகன், "மேல்கோர்ட்டுக்குப் போறேன் சித்தப்பா, உடமாட்டேன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான். எனக்கென்னவோ மனசு குளிர்ந்தது.

"எந்த பஸ்ஸுல வருவ நைனா?" என்றேன்.

"பைக் கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நீ போவதற்குச் சில நாள் முன்பு தங்கச்சி ஆள் அனுப்பிக் கேட்டிருந்தாள். மகளுக்கு நகரியில் சம்பந்தம் அமைந்திருக்கிறதாம். தாய்மாமன் இரண்டு பேரும் ஒன்றாக வந்து சீர் வைப்பீர்களா என்றாள். வாய்தா வரட்டும், அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் கல்யாணம். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.