அண்ணன் சொல்லாத 'வாங்க'

என் அன்புக்குரிய அண்ணே,

போன வெள்ளிக்கிழமை காலை நம் வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. சித்தப்பா வருவதாகச் சேதி வந்திருந்தது. அவர் வாசலில் வந்து நின்றால் இனி நான் 'வாங்க' என்று சொல்வதில்லை. அம்மா எதிர்த்தாள். ஓட்டு ஒன்றுக்கு ஒன்று என்று நின்றதால், வீட்டு ஆண்பிள்ளை என்ற முறையில் என் ஓட்டை இரண்டாக எண்ணிக்கொண்டேன்.

நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் உங்களுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, அசதி போகவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க சயன்ஸ் பாடம் நடத்தியவர், ஆளைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். "காய்ச்சல் வந்தா மூளையே நம்மளை ஒதுக்கி வச்சிரும்டா. கூட்டம் வேணாம், பேச்சு வேணாம், படுன்னு சொல்லும். காய்ச்சல் போயிருச்சுங்கற சேதி எம் மூளைக்கு இன்னும் வந்து சேரலை" என்றீர்கள். தபால் தாமதம் என்று நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ?

அப்போதுதான் குடுமியான்மலையிலிருந்து பெண் வீட்டார் ஆறு பேர் வந்தார்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. 'வாங்க' என்று சொல்லாத மாப்பிள்ளைக்கு நம் பக்கத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா தெருவில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "அவனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. படிச்ச திமிரு."

அதே வாரம் அவருடைய வண்டிமாடு தீனி எடுக்காமல் தனியே ஒதுங்கி நின்றது. "பாவம், அதுக்கு முடியலை" என்று மாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தார். நல்ல வேளை, மாடு படித்ததில்லை.

தீர்ப்பு ஊரெல்லாம் பரவியது. பிறகு உங்களைப் பார்க்க வந்தது சித்தப்பா மகள் செல்லம் மட்டும்தான். அப்போது சின்னப் பிள்ளை. கஞ்சியை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாள். அதனாலேயே அவள் வருவது உங்களுக்குப் பிடித்தது. நீங்கள் போன அன்று, தூக்க நாலு பேர் சேர மத்தியானம் ஆயிற்று.

இந்த ஐப்பசியில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். அது போய்விட்டது, அசதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஆளைக் கண்டா வாயே தொறக்க மாட்டேங்குது. புதன்கிழமை செல்லத்தைப் பொண்ணு பாக்க வாராங்க. ஒங்கண்ணன் மூளைன்னு என்னமோ சொல்லுவானே, அதை நீ வந்து அவுங்களுக்கு எடுத்துச் சொல்லுப்பா."

"எனக்கு நீங்க சொன்னதுதான் தெரியும் சித்தப்பா. படிச்ச திமிரு. ஆனா நீங்க படிச்சது மூணாப்புதானே, அதான் பொருந்த மாட்டேங்குது."

"அன்னைக்கு எனக்குத் தெரியலைடா."

"மாட்டுக்கு மட்டும் தெரிஞ்சுச்சே."

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. நீங்கள் நடந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். பார்க்க நன்றாக இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

நீங்கள் மூளையைப் பற்றி எழுதி வைத்த நோட்டு என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நான் உள்ளவரை அதில் ஒரு வரிகூட அந்த வீட்டுப் படி ஏறாது. இது உங்கள் மேல் சத்தியம்.

புதன்கிழமை ஏழு பேர் வந்தார்கள். சித்தப்பாவுக்கு உதடு அசைந்ததாம், 'வாங்க' வரவில்லையாம். காபி குடித்தார்கள். மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். செல்லம் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி