கவர் மேல அக்கா பேரு

கண்ணு,

கவர் மேல அக்கா பேரப் பாத்துட்டு அப்படியே வெச்சிடாத. கம்பெனி ஆஸ்டல்ல உன்ன அந்தப் பேருலதானே தெரியும். கடுதாசி உனக்குத்தான்.

நேத்து ஜனத்தொகை கணக்கெடுக்க உன் ஒம்பதாங்கிளாஸ் டீச்சரே வந்தாங்க. ஊட்ல அப்பா, நானு, அக்கா, மூணே பேருன்னு சொன்னேன். "பிரின்சி எங்கம்மா? ஸ்கூலுக்கே வர்றதில்லியே?"ன்னு கேட்டாங்க. கடம்பத்தூர்ல மாமா ஊட்ல படிக்கிறான்னு வாய்கூசாம சொல்லிட்டேன். "அப்ப அவள அங்க எழுதிக்குவாங்க"ன்னு சொல்லிட்டு, மூணு பேர எழுதிக்கினு போய்ட்டாங்க.

பதினஞ்சு வயசுக்கு வேல தரமாட்டாங்கன்னு அக்காவோட ஆதாரக் குடுத்து கும்மிடிப்பூண்டிக்கு உன்ன அனுப்பினதே நான்தான். அப்ப பயம் தெரியல. இப்பத்தான் தெரியுது. கம்பெனிலயும் அக்கா பேரு, ஊட்லயும் அக்கா பேரு. உன் பேரு எங்கியுமே இல்லடி.

போன தடவ வந்தப்ப, மெஷின்ல ஒரு பொண்ணுக்கு வெரலு போச்சுன்னு சொன்னியே. அதே மாதிரி உனக்கு ஒண்ணு ஆனா, அக்காவுக்குன்னுதான் எழுதுவாங்க. அக்கா இங்க என் எதுக்க உக்காந்து துணி மடிச்சிக்கினு இருக்கா.

ஞாயித்துக்கெழம அப்பா கம்பெனி கேட்டாண்ட நிப்பாரு. பொட்டி படுக்கை போனா போவுது, நீ வந்துடு. நேரா டீச்சராண்ட போலாம். உன் பேர நீயே சொல்லு.

இப்படிக்கு,
உன்ன எண்ணாம வுட்ட அம்மா